இருபது வராத பியூரெட்

லேபில் ஒரு தடவைகூட ரீடிங்கைத் திருத்தாதவர்கள் கையைத் தூக்கலாம். நான் தூக்க மாட்டேன். என் திருட்டைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

அன்றைய கணக்கு சுலபமானது. அன்னபேதி, அதாவது பாட்டிலில் ஃபெரஸ் சல்ஃபேட் என்று ஒட்டியிருக்கும் பச்சை உப்பு, மூலக்கூறு எடை 278. இரும்பு 55.85, கந்தகம் 32.06, ஆக்சிஜன் நாலுக்கு 64, கூடவே ஏழு தண்ணீர் மூலக்கூறுக்கு 126. கூட்டினால் முடிந்தது. 6.95 கிராம் நிறுத்து, அமிலம் விட்ட நீரில் கரைத்து 250 மில்லியாக்கினால் 0.1 நார்மல். அதில் 20 மில்லியை பிப்பெட்டில் எடுத்து, 0.1 நார்மல் பெர்மாங்கனேட்டை பியூரெட்டில் இருந்து விட்டால் 20.0 மில்லியில் இளஞ்சிவப்பு நிற்க வேண்டும்.

எனக்கு 18.6. மறுபடியும் 18.6. மூன்றாவது தடவை 18.5. பக்கத்து மேசை நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், இருபது போட்டுட்டு வாடா, பஸ்ஸு போயிரும்" என்றான். போட்டேன். 20.0, 20.0, அழகுக்கு ஒரு 20.1. பத்துக்குப் பத்து மார்க்.

பாட்டிலைத் திறந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பச்சைக் கட்டிகள் மேல் பழுப்பாகத் தூள் படிந்திருந்தது. காற்று பட்டு ஒரு பகுதி ஃபெரிக் உப்பாக மாறிவிட்டது; அது பெர்மாங்கனேட்டோடு வினைபுரியாது. ஆக, நான் தராசில் வைத்தது ஒரு கலவை. அதற்குப் போய் 278 என்று ஒரே எண்ணை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். 18.6 என்ற ரீடிங் என்னிடம் அதைத்தான் சொன்னது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

இந்த இடத்தில் ரேலே பிரபு ஞாபகத்துக்கு வருகிறார். அவர் 1890களின் ஆரம்பத்தில் நைட்ரஜனின் அடர்த்தியைத் துல்லியமாக அளக்க உட்கார்ந்தார். வாயுக்களின் அடர்த்தி தெரிந்தால் மூலக்கூறு எடை தெரிந்துவிடும் அல்லவா? ஒரே கண்ணாடிக் குடுவை, ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கி எடுத்த நைட்ரஜன் குடுவையில் 2.3102 கிராம் இருந்தது. ரசாயனப் பொருட்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் 2.2990 கிராம். வித்தியாசம் சுமார் 11 மில்லிகிராம். ஆயிரத்தில் ஐந்து பங்குகூட முழுசாக இல்லை. எங்கள் லேபில் இது பிழையே கிடையாது, முழு மார்க்!

அந்த மனிதர் விடவில்லை. முதலில் பார்த்த வித்தியாசம் இன்னும் சின்னது, ஆயிரத்தில் ஒன்று. 1892இல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி, இதற்குக் காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்டார். இவ்வளவு பெரிய விஞ்ஞானி வெட்கப்படாமல் கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்புறம் ராம்சே சேர்ந்துகொண்டார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். நைட்ரஜனை மக்னீசியம் விழுங்கிவிட, எதனோடும் சேராமல் கொஞ்சம் வாயு மிஞ்சியது. அதுதான் ஆர்கான். அறிவித்த வருடம் 1894.

நாம் படித்த கணக்கை வைத்தே இதைப் போட்டுப் பார்க்கலாம். நைட்ரஜன் 28.01, ஆர்கான் 39.95. கலவையின் சராசரி எடை, 28.01ஐ 2.3102ஆல் பெருக்கி 2.2990ஆல் வகுத்தால், சுமார் 28.15. சுத்த நைட்ரஜனைவிட 0.136 அதிகம். ஒவ்வொரு ஆர்கானும் நைட்ரஜனைவிட 11.94 கூடுதல் எடை. 0.136ஐ 11.94ஆல் வகுத்தால் 0.0114, அதாவது நூற்றுக்கு 1.14 பங்கு. காற்றில் ஆக்சிஜன் போக மீதி 79 சதவீதம் என்பதால், மொத்தக் காற்றில் ஆர்கான் 0.90 சதவீதம். இன்றைய அளவு 0.93! ஒரு பழைய குடுவையின் 11 மில்லிகிராமில் இருந்து இவ்வளவு கிட்டத்தில் வந்துவிடுகிறோம். நான் முதல் தடவை போட்டபோது கால்குலேட்டரைத் தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று மறுபடி போட்டேன்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 39.95 என்று நமக்கு முன்பே தெரியும். ரேலேவுக்குத் தெரியாது. சராசரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கலந்திருப்பது எவ்வளவு, அதன் எடை என்ன என்று இரண்டையும் கண்டுபிடிக்க முடியாது. கனமான பொருள் கொஞ்சமாகவும் இருக்கலாம், சற்றே கனமானது நிறையவும் இருக்கலாம். அதனால்தான் அதைத் தனியே பிரித்து, தனியே அளக்க வேண்டியிருந்தது. பரீட்சையில் வரும் கலவைக் கணக்குகளில் இந்தச் சங்கடமே வராது; தேவையான எண்களெல்லாம் கேள்வியிலேயே இருக்கும். அதனால் இரண்டாவது அளவு என்று ஒன்று வேண்டும் என்பதே நமக்குத் தோன்றுவதில்லை.

என் அன்னபேதிக்கும் இதே கதைதான். 18.6ஐ 20ஆல் வகுத்து 93 சதவீதம் சுத்தம் என்று சொல்லிவிடலாம். அதுவும் முழுக்கச் சரியில்லை. கட்டிகள் கொஞ்சம் தண்ணீரையும் இழந்திருந்தால், அதே 6.95 கிராமில் இரும்பு கூடியிருக்கும். ஒன்று ரீடிங்கை இறக்கும், ஒன்று ஏற்றும். தீர்க்க வழி இருக்கிறது: கரைசலில் ஜிங்க்கும் அமிலமும் சேர்த்து ஃபெரிக்கை மறுபடி ஃபெரஸாக்கி, மீந்த ஜிங்க்கை வடிகட்டிவிட்டு, இன்னொரு தடவை டைட்ரேட் செய்தால் மொத்த இரும்பு தெரியும். கூடுதலாக ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்துக்கு மார்க் கிடையாது.

நான் கேட்பது இதைத்தான். பத்து மார்க்கில் ஐந்தை விடை நெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஐந்தை, விடை ஏன் விலகியது என்று எழுதுவதற்குக் கொடுங்கள். உடனே ஆட்சேபம் வரும்: "எல்லாரும் பாட்டில் மேலேயே பழி போடுவாங்களே சார்?" போடட்டும். பழியை நிரூபிக்க இரண்டாவது டைட்ரேஷன் இருக்கிறதே. அதிலும் 18.6தான் வந்தால் ஃபெரிக் மேல் பழி நிற்காது. பிப்பெட்டையும் தராசையும் பார்க்க வேண்டியதுதான்.

என் ரெக்கார்டு நோட்டில் இன்னும் அந்த 20.1 இருக்கிறது, சிவப்பு மையில் டிக் போட்டு.