சேரி இடுகாட்டுக்குக் கணக்கு எங்கே?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையின் இருபுறமும் ஒரு தலைமுறைக்கு முன்பு வயலும் ஏரியும் மேய்ச்சல் நிலமுமாக இருந்தன. இன்று கார் ஆலைகள், உதிரிபாகத் தொழிற்சாலைகள், கிடங்குகள், வீட்டுமனைப் பிரிவுகள். ஒவ்வொரு சென்ட் நிலத்துக்கும் விலை ஏறிவிட்ட இந்தப் பகுதியில், சேரி மக்கள் தங்கள் முன்னோரைப் புதைத்த இடங்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

சேரி இடுகாடு பெரும்பாலும் ஏரிக்கரையை ஒட்டியோ ஓடை ஓரத்திலோதான் இருக்கும். பெயர் பொறித்த கல் ஒன்றிரண்டு குழிகளுக்கே உண்டு. மற்றவை வெறும் மண்மேடுகள். நாய் தோண்டாமல் இருக்க வைத்த முள் மக்கிப்போகும். நாலைந்து மழைக்காலத்தில் மேடும் கரைந்து தரையோடு தரையாகிவிடும். அதன் மேல் சீமைக்கருவேலம் மண்டிவிட்டால், அங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்பதற்கு வயதானவர்களின் நினைவு மட்டுமே சாட்சி.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் வேறு வகைக் கல்லறைகளும் உள்ளன. மதுராந்தகம் வட்டம் சானூரில் இருக்கும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை இந்தியத் தொல்லியல் துறை 1950, 1952 ஆண்டுகளில் அகழ்ந்து ஆய்வு செய்தது. மாவட்டத்தின் பல ஊர்களில் இத்தகைய கல்வட்டங்கள் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட, பெயர் தெரியாத மனிதருக்கு இவ்வளவு பாதுகாப்பு. அது தேவைதான். ஆனால், பேரப்பிள்ளைகள் பெயர் சொல்லக்கூடிய ஒரு தாத்தாவின் குழிக்குச் சர்வே எண்கூட இல்லை.

கல் ஏன் நடப்படவில்லை?

வறுமை மட்டும் காரணம் அல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, சேரி மக்கள் குடியிருந்த மனைகள்கூட மிராசுதாரர்களின் பிடியில் இருந்ததை அரசுக்கு எடுத்துச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் அரசாணை எண் 1010 வழியே பஞ்சமி நிலம் வந்தது. குடியிருந்த மனைக்கே உரிமை இல்லாதவர்கள், புதைத்த இடத்துக்கு எப்படி எல்லைக்கல் நட்டிருக்க முடியும்?

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலேயே உள்ள மெல்ரோசாபுரம், ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ 1890களில் தலித் மக்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு. கிறித்தவத் திருச்சபைகளில் ஞானஸ்நானம், திருமணம் போலவே அடக்கத்துக்கும் பதிவேடு வைப்பது வழக்கம். மற்றச் சேரிகளுக்கு அந்த வசதி இல்லை. அரசு தரும் இறப்புச் சான்றிதழில் இறந்த இடம் இருக்கும். புதைத்த இடம் இருக்காது.

சட்டம் கேட்கும் சான்று

2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீட்டின்போது இடுகாடு, சுடுகாடுகளுக்கு நேரும் பாதிப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டிலோ தொழிற்பேட்டைகளுக்கான நிலம் 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படுகிறது. அது இனிச் செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அரசு புதிய சட்டம் இயற்றி அதை மீட்டது; 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. விளைவாக, நிலம் எடுக்கும் முன் இங்கே யாருடைய முன்னோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று விசாரிக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் இல்லை.

வேறு சட்டங்கள் நமக்குத் துணை நிற்கின்றன. இடுகாட்டை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி குற்றம். பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே இடுகாட்டில் அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆவது பிரிவில் குற்றம். ஆனால் புகார் கொடுக்கும்போது வரும் முதல் கேள்வி, 'அது இடுகாடு என்பதற்கு என்ன ஆதாரம்?' என்பதுதான். கிராம அ-பதிவேட்டில் மயானம் என்று காட்டப்பட்ட பரப்புக்கு வெளியே குழிகள் இருந்தால், ஆவணத்தில் அது ஓடைப் புறம்போக்காகவோ தரிசாகவோ வேறொருவர் பட்டாவாகவோதான் இருக்கும்.

நாமே செய்யக்கூடியது

அடையாளம் காண மண்ணைத் தோண்டத் தேவையில்லை, தோண்டவும் கூடாது. முதல் வேலை, ஊரில் மூத்தவர்களை, குறிப்பாக மூத்த பெண்களை, இடுகாட்டுக்கே அழைத்துச்சென்று கேட்பது. 'பனைமரத்துக்குக் கிழக்கே மாமியார், அவருக்குப் பக்கத்தில் கொழுந்தன்' என்று அவர்கள் வரிசை சொல்வார்கள். புதைகுழியின் மண் காலப்போக்கில் உள்வாங்கும் என்பதால், மழைக்குப் பின் ஆள் நீளத்துக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளங்களைக் குறித்துக்கொள்ளலாம். தெற்கே தலைவைத்துப் புதைப்பது பல ஊர்களில் வழக்கம். பள்ளம் எந்தத் திசையில் நீள்கிறது என்பதும் ஒரு தடயம். முட்புதரை ஆள் வைத்து வெட்ட வேண்டும். ஜேசிபி இறங்கினால் தடயம் அத்தனையும் போய்விடும்.

கல்லூரி மாணவர்கள் ஒவ்வொரு குழிக்கும் எண் கொடுத்து, கைபேசியில் இருப்பிடத்தைப் பதிந்து, பெயர், சொன்னவர் பெயர், தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதலாம். அதைப் புலப்படத்தோடும் அ-பதிவேட்டோடும் ஒப்பிட்டுக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, ஜமாபந்தியில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்படும் தரை ஊடுருவும் ரேடார் ஆய்வைக் கேட்டுப்பெறுவது நம் உரிமை. அமெரிக்காவின் டாம்பா நகரில் குடியிருப்புகளுக்கு அடியில் மறைந்துபோன சயான் என்ற கறுப்பின மக்களின் கல்லறைத் தோட்டம், 2019இல் இந்தக் கருவியால்தான் உறுதிப்படுத்தப்பட்டது.

இதில் முரண் இல்லையா?

பொது மயானம் வேண்டும் என்று போராடுகிறவர்கள் சேரி இடுகாட்டைக் காக்கச் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே வழி மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் கொடுமை தீர, இனி இறப்பவர்களுக்கு ஒரே மயானம், ஒரே பாதை என்பதே நம் கோரிக்கை. ஏற்கெனவே புதைக்கப்பட்டவர்களின் இடத்தை அழித்துவிடுவது சமத்துவம் ஆகாது; ஒதுக்கிவைத்ததற்கான சாட்சியத்தைத்தான் அது அழிக்கும். நியூயார்க்கில் தேவாலயக் கல்லறையில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் ஊருக்கு வெளியே புதைக்கப்பட்டார்கள். 1991இல் அரசுக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது அந்த இடம் வெளிப்பட்டது. மக்கள் போராடினார்கள், எடுக்கப்பட்ட 419 பேரின் எச்சங்கள் 2003இல் அங்கேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006இல் அது தேசிய நினைவுச்சின்னமானது.

மாவட்ட நிர்வாகம், தொழிற்பேட்டைப் பகுதியின் எல்லாச் சேரி இடுகாடுகளையும் அந்தந்த ஊர் மக்களை வைத்துக்கொண்டே அளந்து, எல்லைக்கல் நட்டு, அ-பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதுவரை அவற்றை ஒட்டிய புறம்போக்கை எவருக்கும் மாற்றிக்கொடுக்கக் கூடாது. வரிசை சொல்லத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலைந்து பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இந்தக் கணக்கை எழுதி முடிக்க வேண்டும்.