கஞ்சிக்கோட்டில் கை பழகுவது எங்கே?



வாளையாரைத் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோடு, வால்வும் வார்ப்பும் செய்து பழகிய ஊர். அந்த ஊர் இருக்கும் பாலக்காடு மாவட்டத்தில் 1,710 ஏக்கரில் தொழில் நகரம் அமைக்க 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 3,806 கோடி ரூபாய். அங்கே டை, மோல்டு ஆகிய அச்சுகளைச் செய்கிறவர்களின் இடம் என்ன என்பதையும் இப்போதே பேசியாக வேண்டும்.

கணினி இயக்கும் சிஎன்சி வந்தபோது லேத்தின் கைப்பிடி போனது. இன்று வெட்டும் பாதையையும் வேகத்தையும் மென்பொருளே பரிந்துரைக்கிறது. ஆனால் டையின் இரு பாதிகளும் பொருந்துகின்றனவா என்று நீலச் சாயம் தடவிப் பார்த்து, ஒட்டிய இடத்தை மட்டும் சில மைக்ரான் தேய்த்து எடுப்பவர் இன்னும் ஃபிட்டர்தான். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான்!

துல்லியம் வேண்டியது டைக்கு மட்டுமல்ல. இடுக்கித் தேயிலை ஆலைகளில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி உருளைகளின் பல் மழுங்கினால் மறுபடி வெட்டித் தீட்ட வேண்டும். பல்லின் கோணம் பிசகினால் தூளின் தரம் கெடும்.

பழுத்த கைகள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் தொடக்கநிலை வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால், மலம்புழா ஐடிஐயில் படித்து வரும் பிள்ளைகள் எதில் கை பழகுவார்கள்? 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கவே இருக்கிறது. புதிய நகரில் மனை பெறும் ஒவ்வொரு ஆலையும் டை, மோல்டு செய்யும் டூல்ரூமில் தொழிற்பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்று ஒதுக்கீட்டு ஆணையிலேயே கேரள அரசு எழுதட்டும்.

– ஒரு வாசகர், பாலக்காடு