வழக்கே இல்லையாம், அதனால் ஆபத்தும் இல்லையாம்

சென்னையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் தூங்கி வளர்ந்த ஒரு குழந்தையாவது பின்னால் நோயாளியாகிக் கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறதா என்று கேட்கிறார்கள். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் பழைய வீட்டின் மொட்டை மாடியில் ஷீட் போட்டு, சுவரில் யானையும் மயிலும் வரைந்து, ப்ளே ஸ்கூல் என்று பலகை மாட்டியவர்கள் கேட்பது இது. சரக்கு அவர்களுடையதல்ல. ஷீட் ஆலைகளின் தரப்பு பல ஆண்டுகளாக ஓதிவருவதுதான். வெள்ளைக் கல்நார், அதாவது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், சாது, சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது, ஏழைக்கு இதைவிட மலிவான கூரை இல்லை, கேடு இருந்தால் இந்நேரம் வழக்கு வந்திருக்காதா? சாமர்த்தியமெல்லாம் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

கல்நார்த் தூசி மூச்சோடு உள்ளே போய், மீசோதெலியோமா என்ற புற்றுநோயாக வெளியே தெரிய இருபது, முப்பது, சில சமயம் நாற்பது ஆண்டுக்கு மேலும் ஆகும். 1985-ல் மூன்று வயதில் தி.நகர் காப்பகம் ஒன்றில் விடப்பட்ட குழந்தைக்கு இன்று நாற்பது தாண்டிவிட்டது. அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டியிருப்பார்கள். காப்பகம் நடத்திய அம்மாள் உயிரோடு இருப்பாரோ என்னவோ. மூச்சுத்திணறலோடு வருகிறவரிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்பார். மூன்று வயதில் எந்தக் கூரைக்கு அடியில் மதியம் தூங்கினீர்கள் என்று யார் கேட்கப்போகிறார்? அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-லிருந்து இங்கேயே இருக்கிறது. அதன் படுக்கையில் கிடப்பவருக்கே தன் பாலர் பள்ளியின் கூரை நினைவில் இருக்காது. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை நீங்கள் சான்றிதழாக நீட்டுகிறீர்கள்.

கேட்ட இடத்தில் பதில் வந்தது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரை ஒட்டிய ஹைடனில், 1970களில் பள்ளி மாணவியாக இருந்தவர் டயான் வில்மோர். பள்ளிக் கட்டடத்தின் கல்நார்ப் பலகைகளைக் கழற்றியதிலும் உடைத்ததிலும் எழுந்த தூசியைச் சுவாசித்தவர். 2007-ல் மீசோதெலியோமா. நீதிமன்றம் 2,40,000 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பள்ளியை நடத்திய உள்ளாட்சி மன்றம் விடாமல் மேல்முறையீடு செய்தது. 2009-ல் அவர் இறந்துபோனார். 2011 மார்ச்சில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. எந்த நார் நோயைக் கொடுத்தது என்று காட்ட வேண்டியதில்லை, நோய்க்கான அபாயத்தைப் பொருட்படுத்தத்தக்க அளவு கூட்டியது என்று காட்டினால் போதும் என்பது அங்குள்ள நிலை. 2013-ல் அந்த நாட்டின் புற்றுநோய்க் காரணிகள் குழு இன்னொன்றும் சொன்னது: ஒரே அளவு தூசிதான் என்றாலும், முப்பது வயதில் முதன்முதலாக அதைச் சுவாசிப்பவரைவிட ஐந்து வயதில் சுவாசிக்கும் குழந்தைக்கு வாழ்நாள் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. காரணம் எளிது. நோய் முற்றுவதற்கு வேண்டிய ஆண்டுகள் குழந்தையிடம்தான் நிறைய இருக்கின்றன.

'வெள்ளை சாது' என்பதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். எல்லா வகைக் கல்நாரும், வெள்ளை உட்பட, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தீர்த்துச் சொல்லிவிட்டது. இந்தியாவிலேயே புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகையை 1986-லேயே நிறுத்திவிட்டார்கள். தோண்டுவதற்கு ஆகாத பொருள், கப்பலில் வந்து இறங்கினால் மட்டும் சாதுவாகிவிடுமா?

சிமெண்டில் கட்டுண்டு கிடக்கிறது என்பதில் பாதி உண்மை உண்டு. உடையாமல், அறுக்காமல், துளைக்காமல் இருக்கும் ஷீட்டிலிருந்து வரும் தூசி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் சென்னை மொட்டை மாடியில் எந்த ஷீட் அப்படி இருக்கிறது? ஜே போல்ட்டுக்குத் துளை, ஏசி குழாய்க்குத் துளை, ஒழுகுகிற இடத்தில் தார். ஏப்ரல் வந்தால் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி வெள்ளை பெயிண்ட் அடிக்கிறோம். அப்படிச் சுரண்டும்போதுதான் நார் கிளம்பும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் இந்த ஊரின் ஷீட்டெல்லாம் எப்படிப் பறந்தது என்று பார்த்தவர்கள் யாரும் கட்டுண்டு கிடக்கும் கதையை முகத்துக்கு நேரே சொல்லத் துணியமாட்டார்கள். உடைந்த துண்டுகளை மறுநாள் துடைப்பத்தால் கூட்டியது யார்? ஆயாக்கள்தானே.

அடுத்து, நம் உச்ச நீதிமன்றமே கல்நாருக்குத் தடை விதிக்க மறுத்துவிட்டது என்பார்கள். ஆமாம், தடை கேட்டுத் தொடுத்த கல்யாணேஸ்வரி வழக்கில் 2011-ல் மனுவைத் தள்ளியது. மனுதாரரின் நோக்கத்தைச் சந்தேகித்தது, தடை போடுவது தன் வேலையல்ல என்றது. கல்நார் நல்லது என்று நற்சான்று எதுவும் தரவில்லை. மாறாக, 1995-ல் அதே நீதிமன்றம் இட்ட கட்டளைகளை நிறைவேற்றச் சொன்னது. அந்த 1995 தீர்ப்பை ஆலைத் தரப்பு வாய்தவறிக்கூடக் குறிப்பிடுவதில்லை. தொழிலாளியின் உடல்நலம் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது அது. நோய் கண்டவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாற்பது ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் பதினைந்து ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை மருத்துவப் பதிவேட்டை வைத்திரு என்றது. ஏன் நாற்பது? நோய் அவ்வளவு தாமதித்து வரும் என்பதை நீதிமன்றம் முப்பது ஆண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்டதால்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆலைத் தொழிலாளிக்கு. ஷீட்டுக்கு அடியில் பாயில் படுத்த குழந்தைக்கு எந்தப் பதிவேடும் இல்லை. இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. மைனர் என்றால் பதினெட்டு முடிந்தபின் எண்ணுவார்கள், அதுவும் இருபத்தொன்றில் தீர்ந்துவிடும். வழி அடைபட்டுவிட்டதா? இல்லை. 1963-ம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 23-வது பிரிவைப் படியுங்கள். கேடு விளைந்தால்தான் வழக்குரிமை பிறக்கும் என்கிற செயல்களில், கேடு விளைந்த நாளிலிருந்தே காலம் ஓடும். நாற்பதில் நோய் கண்டவர் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். சேப்பாக்கம் கலஸ் மஹாலில் அமரும் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க ஐந்தாண்டு அவகாசம். கிரீன்வேஸ் சாலையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்தில் ஓராண்டு. உயர் நீதிமன்றத்தில் ரிட். இத்தனையிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கட்டடம், எந்த ஆண்டு, என்ன ஷீட்? அதற்கான காகிதத்தை யாரும் வைத்திருப்பதில்லை. பிறகு, வழக்கே இல்லையே என்று வியக்கிறீர்கள்.

ஏழையின் கூரை என்ற உருக்கம் மிச்சம். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் கருகிய பிறகு, கீற்றைப் பிரித்த பல இடங்களில் இந்த ஷீட்தான் ஏறியது. தீப்பிடிக்காது, சரி. கீற்றை விட்டால் கல்நார் என்று யார் விதித்தது? ஓடு இருக்கிறது, கான்கிரீட் இருக்கிறது. கல்நார் கலக்காத சிமெண்ட் ஷீட்டை இதே தொழிலில் இருக்கும் நிறுவனமே தயாரித்து விற்கிறது. இதெல்லாம் மாற்றுப் பொருள் வியாபாரிகளின் சதி என்போர், இலங்கையில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லட்டும். 2018-லிருந்து கல்நாரை நிறுத்த அந்த நாடு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நார்த் தடை தள்ளிப்போனது. உலகில் அதிகம் கல்நார் தோண்டும் நாடு எது தெரியுமோ? ரஷ்யா.

2009 ஜனவரி 31 அன்று கேரள மனித உரிமை ஆணையம், அரசுப் பள்ளிகளின் கல்நார்க் கூரைகளைப் படிப்படியாக எடுத்துவிட்டு ஓடு போடச் சொன்னது. முதலில் ஒரு நோயாளிக் குழந்தையைக் கொண்டுவா என்று அது கேட்கவில்லை. நம் ஆணையம் கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் ஆட்டோவில் போய்வரும் தூரம்தான்.

சரி, நீங்கள் சொல்வதை அப்படியே நம்புகிறேன் என்று வைத்துக்கொள்வோம். அட்மிஷன் ரசீதோடு இன்னொரு தாளும் கொடுங்கள். அதில் கட்டடத்தின் முகவரி, ஷீட் போட்ட ஆண்டு, தயாரித்த நிறுவனம், அதில் கல்நார் உண்டா இல்லையா, கடைசியாக எப்போது துளைத்தீர்கள், சுரண்டினீர்கள் என்று எழுதி, இதனால் குழந்தைக்குக் கேடு வராது என்று கையெழுத்தும் சீலும் போடுங்கள். பெற்றோர் அதை லேமினேட் செய்து நாற்பது ஆண்டு வைத்துக்கொள்ளட்டும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட உங்களில் எத்தனை பேர் தயார்?