காட்டுமனிதன்மேல் போட்ட பழி

மறுமலர்ச்சிக் கால உருவகக் காவியத்தில் காட்டுமனிதன் என்றாலே வில்லன் என்று வாதிடுவோர், ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சரைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். பாதிச் சாட்சியத்தோடு அவரை இறக்கியும் விடுகிறார்கள்.

அவருடைய 'ஃபேரி குயீன்' காவியத்தின் நான்காம் காண்டத்தில், உடலெல்லாம் மயிரடர்ந்த ஒருவன் அமோரெட் என்ற பெண்ணைக் குகைக்குத் தூக்கிச் செல்கிறான். அவன் காமத்தின் உருவம். வேட்டைக்காரி பெல்ஃபீபியின் அம்பு தொண்டையில் தைத்துச் சாகிறான். இதில் மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் அதனுடன் 1596-இல் வெளிவந்த ஆறாம் காண்டத்தை என்ன செய்வது? அந்தக் காண்டத்தின் பொருளே பண்பாடு. அங்கே அடைக்கலம் கேட்ட வீரன் கலிபைனுக்கும் அவன் துணைவி செரீனாவுக்கும் கதவடைப்பவன் கோட்டைக்காரன் டர்பைன். குதிரையில்லாமல் நிற்கும் கலிபைனை ஈட்டியோடு துரத்துபவனும் வீரனான அந்த டர்பைன்தான். ஓடிவந்து காப்பாற்றுகிறவனோ பேச்சறியாத காட்டுமனிதன். டர்பைனை விரட்டுகிறான், மூலிகை தேடிவந்து கலிபைனின் காயத்துக்கு இடுகிறான், அவனையும் செரீனாவையும் பழம் தந்து உபசரிக்கிறான். விலங்கின் ரத்தத்தைச் சுவைத்தே அறியாதவன் அவன். இவனை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. முதல் காண்டத்திலேயே ஊனா என்ற பெண்ணைச் சான்ஸ்லாய் என்ற வீரனிடமிருந்து மீட்பவர்கள் காட்டுவாசிகள்தாம்.

செரீனாவைப் பலியிடத் துணியும் நரமாமிசம் உண்ணும் கூட்டமும் ஆறாம் காண்டத்தில் உண்டு. அயர்லாந்தின் மன்ஸ்டரில், பறிக்கப்பட்ட நிலத்தில் குடியேறிய ஆங்கிலேய அதிகாரி ஸ்பென்சர். காட்டுமனிதர்மீதான அச்சம் அவரிடமும் இருந்தது. அப்படிப்பட்டவரே கவசமணிந்தவனைக் கயவனாகவும் காட்டுமனிதனைக் காவலனாகவும் எழுதியிருக்கிறார். இதை விட்டுவிட்டு அவரை மேற்கோள் காட்டுவது அநியாயம்.