ஷட்டரைத் தூக்கும் முன்

டெல்டா மாவட்டங்களில் சிறு கடைகளைத் திறப்பது குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு
தஞ்சாவூர், ஜூன் 17, 2021

மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டது. கல்லணையும் திறந்தாயிற்று. குறுவைக்கு நாற்றங்கால் வேலை நடக்கிற இந்த வாரத்தில், தஞ்சாவூர் கீழவாசலிலும் கும்பகோணம் பெரிய கடைத் தெருவிலும் ஷட்டர்கள் வரிசையாக இறங்கிக் கிடக்கின்றன. கொரோனா ஊரடங்குத் தளர்வில் ஜூன் 7 முதல் தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களுக்கு ஒரு பட்டியல், தொற்று இன்னும் அடங்காத 11 மாவட்டங்களுக்கு வேறு பட்டியல். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கும் அந்தப் 11-இல் இருக்கின்றன. ஜூன் 14 முதல் மற்ற 27 மாவட்டங்களில் டீக்கடையில் பார்சல் கிடைக்கிறது, சலூனில் கத்தரிச் சத்தம் கேட்கிறது. இங்கே இன்னும் இல்லை.

தொற்று இங்கே கூடுதலாக இருந்ததை நாங்கள் மறுக்கவில்லை. மே மாதத்தில் எங்கள் உறுப்பினர்கள் சிலரின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கக்கூடப் போக முடியவில்லை. ஆகவே ‘எல்லாக் கடையையும் நாளைக்கே திற’ என்பது எங்கள் கோரிக்கை ஆகாது. அப்படித்தான் கேட்க வேண்டும் என்று சங்கத்துக்குள் வாதாடியவர்கள் உண்டு. அவர்கள் கோபம் நியாயமானது, ஆனால் அவர்கள் கேட்பதை நாங்கள் ஏற்கவில்லை.

நாங்கள் சொல்வது இதுதான்: எந்தக் கடை திறக்கலாம் என்பதைப் பெயர்ப் பலகையையும் கடிகாரத்தையும் பார்த்து முடிவு செய்கிற வழக்கத்தை விட்டுவிட வேண்டும். உள்ளே காற்று எப்படி ஓடுகிறது, எத்தனை பேர் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கடிகாரத்திலிருந்தே தொடங்கலாம். தளர்வில்லா ஊரடங்கு மே 24-இல் தொடங்கும் என்று அறிவித்த அரசு, அதற்கு முன் 22, 23 தேதிகளில் எல்லாக் கடைகளையும் இரவு 9 மணி வரை திறக்கவிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு வாரத்துச் சாமானை இரண்டு நாளில் வாங்க ஊரே கிளம்பியது. போன ஆண்டு ஏப்ரலில் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் நான்கு நாள் முழு அடைப்பு என்றபோதும் முந்தின நாள் மார்க்கெட்டுகளில் இதே காட்சி. நேரத்தைச் சுருக்கினால் வருகிற ஆள் குறைவதில்லை. காலை 7 முதல் இரவு 8 வரை பரவி வருகிறவர்கள் சில மணி நேரத்துக்குள் வந்து நெருக்கியடிக்கிறார்கள். அத்தியாவசியக் கடைகளுக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்பது முதலாளிகளின் பேராசை போலத் தோன்றலாம். நெரிசலைக் கரைக்க இதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்தது காற்று. மே 20-ஆம் தேதி மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் ஒரு குறிப்பு வெளியிட்டது. பெரிய எச்சில் துளிகள் இரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும், நுண்துளிகள் பத்து மீட்டர் வரைகூடக் காற்றில் போகலாம், அடைத்த அறையில் காற்றோட்டமே பெரிய பாதுகாப்பு என்பது அதன் சாரம். ஓராண்டாக நாம் செய்ததை இதோடு வைத்துப் பாருங்கள். கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். ஒரு மழையில் அது போனது. மழைக்கு முன்பே வட்டத்துக்குள் செருப்பையும் பையையும் வைத்துவிட்டு ஆட்கள் நிழலில் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்கு முன்னால் பிளாஸ்டிக் திரை கட்டினோம், அது இருந்த காற்றையும் மறித்தது. சானிடைசர் பாட்டிலை அதிகாரி வரும்போது தெரிகிற இடத்தில் வைத்தோம். அதில் பாதி நாள் ஒன்றும் இருக்காது. இது எங்கள் தரப்புக் குற்றம், ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் தையல் கடை எட்டடி அகலம், பன்னிரண்டடி ஆழம். முன்னால் ஷட்டர், மற்ற மூன்று பக்கமும் சுவர். மேலே ஒரு ஃபேன், உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். பின்சுவரில் ஓர் அடிச் சதுரத்துக்கு உடைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினோம். கொத்தனார் கூலி, ஃபேன், வயர் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய். ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தால் புகை வாசல் பக்கத்திலிருந்து பின்சுவரை நோக்கிப் போவது கண்ணுக்குத் தெரிகிறது. முன்பு அது மேலே கிளம்பி அங்கேயே நின்றது. திண்ணையிலும் பலகைக் கதவுக்குப் பின்னாலும் வியாபாரம் பார்த்த நம் தாத்தாக்களுக்கு இந்தச் செலவு இருந்திருக்காது. கண்ணாடி போட்டு ஏசி வைத்ததைத்தான் நாம் முன்னேற்றம் என்று நினைத்தோம். கட்டட உரிமையாளர் சுவரைத் தொடவிடாத கடைகள் நிறைய உண்டு. நகராட்சியும் மாநகராட்சியும் தங்களுக்குச் சொந்தமான கடைகளில் இந்த வேலையைத் தாங்களே செய்து வழிகாட்டட்டும். ஏசி போட்டு அடைத்த கடைகள் கடைசியாகத் திறந்தால் போதும், அவற்றின் உரிமையாளர்களும் எங்கள் உறுப்பினர்களே ஆனாலும்.

சலூன்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இருக்கிற தொழில்களிலேயே வாடிக்கையாளரின் முகத்துக்கு மிக அருகில் நிற்கிறவர் அவர். ஆபத்து அவருக்குத்தான் முதலில். 2020 ஜூனில் சலூன் திறந்தபோது, வருகிறவரின் பெயர், முகவரி, கைபேசி எண்ணோடு ஆதார் எண்ணையும் எழுதி வைக்கச் சொன்னார்கள். முடிவெட்ட வந்தவர் ஆதார் கேட்டதும் திரும்பிப் போனதுதான் மிச்சம். அதற்குப் பதிலாக ஒரு நேரத்துக்கு ஒருவர், போனில் நேரம் சொல்லி வருவது, ஷேவிங் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போடுவது என்று நாங்கள் ஒரு முறை வகுத்திருக்கிறோம். இதற்குச் செலவு கிடையாது.

வயல் வேலைக்கு வருவோம். விவசாயக் கருவி, பம்ப்செட் பழுது பார்க்கும் கடைகளுக்கு இந்த மாவட்டங்களிலும் ஜூன் 14 முதல் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 வரை அனுமதி கிடைத்திருக்கிறது. நன்றி. ஆனால் அந்த நேரத்தில் விவசாயி வயலில் இருப்பார். காயில் எரிந்த மோட்டாரைக் கழற்றி டிவிஎஸ் வண்டியில் கட்டிக் கொண்டுவர அவருக்குச் சாயங்காலம்தான் தோது. காயில் கட்டி வார்னிஷ் காயவும் மெக்கானிக்குக்கு நேரம் வேண்டும், அவர் அவசரப்பட்டால் மோட்டார் மறுபடி எரியும். குறுவைக்கு விதை, உரத் தொகுப்பு அறிவித்த அரசு, பட்டறை நேரத்தையும் விவசாயியின் நேரத்தோடு பொருத்திவிட்டால் அந்தத் தொகுப்பு முழுதாகப் பயன்படும்.

மாவட்டத்தையே ஓர் அலகாக எடுப்பதிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. அணைக்கரையும் சேதுபாவாசத்திரமும் ஒரே மாவட்டம். ஒன்று கொள்ளிடக் கரை, மற்றது கடற்கரை. கொள்ளிடப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அரியலூர் மாவட்டம், 27-இல் ஒன்று. இந்தக் கரையில் சலூன் மூடியிருந்தால் முடிவெட்டிக்கொள்ள பைக்கில் பாலம் தாண்டுவார்கள். வைரஸும் கூடவே பில்லியனில் போய் வரும். வட்டம் வாரியாகப் பரிசோதனை எண்ணிக்கையையும் தொற்று விகிதத்தையும் தினமும் வெளியிட்டு, அதன்படி திறக்கவும் மூடவும் வேண்டும். கூடினால் மூடச் சொல்லுங்கள், மூடுகிறோம்.

மூடுகிற காலத்துக்குப் பணம் யார் தருவது? பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கடைக்காரர்கள் 2018 நவம்பரில் அடித்த கஜா புயலுக்கு வாங்கிய கடனையே இன்னும் முடிக்கவில்லை. 2020-இல் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம், ஏற்கெனவே வங்கியில் கடன் பாக்கி உள்ளவருக்கு மட்டும் அதில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவது. தண்டல்காரரிடம் வாங்கித் தொழில் செய்கிறவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். சாலையோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி திட்டத்தில் 10,000 ரூபாய் கிடைக்கும், வாடகைக் கடைக்காரருக்குக் கிடையாது. ரேஷன் அட்டைக்கு இரு தவணையாக வந்த 4,000 ரூபாய் அடுப்பெரிய உதவியது, கடை வாடகைக்கு எட்டவில்லை. சிறு தொழில்களின் கடன் தவணையைத் தள்ளிவைக்க ஒன்றாகக் குரல் கொடுப்போம் என்று முதல்வர் ஸ்டாலின் 12 மாநில முதல்வர்களுக்கு எழுதியதை வரவேற்கிறோம். பெண்கள் குழுக்களிடம் வாரத் தவணை வசூலிக்கிற நுண்கடன் நிறுவனங்களையும் அதில் சேர்க்க வேண்டும். மாநில அரசு தன் கையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு: உள்ளாட்சிக் கடைகளுக்கு மே, ஜூன் மாத வாடகையைத் தள்ளுபடி செய்வது.

அபராதமும் கடையின் நிலையைப் பார்ப்பதில்லை. முகக்கவசம் இல்லாதவருக்கு 200 ரூபாய். விதி மீறிய நிறுவனத்துக்கு 5,000 ரூபாய், அது ஜவுளி மாளிகையாக இருந்தாலும் சரி, ஒற்றை நாற்காலி சலூனாக இருந்தாலும் சரி. கடையின் அளவுக்கு ஏற்ப அது மாற வேண்டும். நேரம் தாண்டியதைக் கேட்க வருகிறவர் உள்ளாட்சி சுகாதார ஆய்வாளராக இருக்கட்டும், காவல் நிலையத்துக்கு இதில் வேலை வேண்டாம். நாளை மறுநாள் ஜூன் 19. போன ஆண்டு அதே நாளில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் மீறிக் கைபேசிக் கடையைத் திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துப்போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் உயிரோடு வீடு திரும்பவில்லை. ஒன்பது காவலர்கள் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து வழக்கு நடக்கிறது. நாளை மறுநாள் மாலை அவர்கள் நினைவாக எங்கள் உறுப்பினர் வீடுகளில் விளக்கேற்றுகிறோம்.

தடுப்பூசி ஜூன் 21 முதல் 18 வயதைக் கடந்த எல்லாருக்கும் மத்திய அரசின் செலவில் வரப்போகிறது. கடைப் பையன்களும் சுமை தூக்குகிறவர்களும் விடியற்காலை டோக்கன் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். முகாமை மார்க்கெட்டுக்குள்ளேயே போடுங்கள். தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் லாரி இறக்கி முடித்த பிறகு, காலை பத்து மணிக்குமேல் போட்டால் ஆட்கள் அங்கேயே இருப்பார்கள். ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் பேசுவது எங்கள் வேலை. பெயர்ப் பட்டியலோடு தயாராக இருக்கிறோம்.

தஞ்சாவூர் அய்யங்கடைத் தெருவில் ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு வாரம், காற்றோட்டமும் ஆள் எண்ணிக்கையும் பார்க்கும் இந்த முறையில் திறந்து பார்க்க மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி கேட்டு மனு கொடுக்கிறோம். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வைப்போம். வேலையாட்கள் எல்லாருக்கும் வாரம் ஒருமுறை பரிசோதனை நடக்கும். ஒரு கடையில் தொற்று வந்தால் அந்தக் கடையும் இரு பக்கத்துக் கடைகளும் அன்றே மூடும். அந்த நாட்களுக்கு வேலையாட்களின் கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுப்போம்.