அணு மின்சாரம் மலிவா? வெயில் மின்சாரம் மலிவா?

1954-ம் ஆண்டு. அமெரிக்க அணுசக்திக் கமிஷன் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் ஒரு கூட்டத்தில் பேசினார். நம் பிள்ளைகள் காலத்தில் மின்சாரம் மிகவும் மலிவாகிவிடும். மீட்டர் வைத்து அளக்கக்கூடத் தேவை இராது என்றார்.

70 ஆண்டுகள் ஓடிவிட்டன. மீட்டர் இன்னும் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது!

கூடங்குளம் கணக்கு

நெல்லை மாவட்டத்துக் கூடங்குளத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே அணு மின்சார நிலையம் அமைக்க 1988-ல் ஒப்பந்தம் ஆயிற்று. ராஜீவ் காந்தியும், சோவியத் ரஷியத் தலைவர் கார்பசேவும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. 2002-ல்தான் கட்டத் தொடங்கினார்கள். இரண்டு உலைகள். ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட்.

முதலில் போட்ட மதிப்பு 13,171 கோடி ரூபாய். கடைசியில் ஆன செலவோ 22 ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது!

ஏன் இப்படி? கடன் வாங்கி வீடு கட்டுகிறவரைக் கேளுங்கள், சொல்வார். கொத்தனார் நாலு மாதம் வராவிட்டால் வட்டியும் நாலு மாதம் நிற்குமா? நிற்காது. அணு நிலையத்தில் எரிபொருள் செலவு குறைவு. கட்டுகிற செலவும், கடன் வட்டியும்தான் ஆளை விழுங்கும்.

2011-ல் இடிந்தகரை மீனவர்கள் போராடியதால்தான் தாமதம் என்று சிலர் சொல்வது உண்டு. அது பாதி உண்மை. முதல் உலை 2007-லேயே முடிந்திருக்க வேண்டும். அப்போது இடிந்தகரையில் பந்தலே போடவில்லை! வணிக முறையில் மின்சாரம் வரத் தொடங்கியது 2014 டிசம்பர் 31-ந் தேதி.

ஆனாலும் வந்த மின்சாரம் யூனிட் சுமார் 4 ரூபாய்தான். அது அதிக விலை அல்ல.

கமுதியில் நடந்தது

2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்சார நிலையம் எழுந்தது. சுமார் 8 மாதத்தில் கட்டி முடித்தார்கள். ஆனால் அந்த மின்சாரத்துக்குப் பேசிய விலை யூனிட் 7 ரூபாய் 1 காசு. அன்றைக்கு அணுவே மலிவு. இதை மறைக்கக்கூடாது.

அதற்குப் பிறகுதான் தராசு சாய்ந்தது. சீனத் தொழிற்சாலைகள் சூரியத் தகடுகளை மலை மலையாகச் செய்து குவித்தன. தகட்டின் விலை சரிந்தது. 2020 டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலத்தில் யூனிட் 1 ரூபாய் 99 காசுக்கு வந்துவிட்டது! கூடங்குளத்திலோ 3-வது, 4-வது உலைகளுக்கு மதிப்பிட்ட செலவு 39,849 கோடி. அதே 2,000 மெகாவாட்தான்; விலை மட்டும் ஏறக்குறைய இரண்டு பங்கு.

அந்தி சாய்ந்தால்?

அப்படியானால் வெயில்தான் மலிவு என்று முடித்துவிடலாமா? பொறுங்கள்! வீட்டில் விளக்குப் போடுவது அந்தி சாய்ந்த பிறகு. சூரியன் அதற்குள் போய்விடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வைகாசி முதல் ஆவணி வரை சக்கைப்போடு போடும். ஐப்பசியில் காற்றாலைகள் சும்மா நிற்கும். சந்தையில் தக்காளி குவிகிற நாளின் விலையை வைத்து வருஷம் முழுவதும் குழம்பு வைக்க முடியுமா? 1 ரூபாய் 99 காசு என்பது பகல் விலை. மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் செலவையும் கூட்டினால்தான் நியாயமான கணக்கு.

சேர்த்துவைக்க வழி இல்லாமல் இல்லை. கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களிலிருந்தே அந்த வித்தை நடக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவார்கள். தேவைப்படும்போது திறந்துவிட்டு 400 மெகாவாட் வரை எடுப்பார்கள். இந்த முறையில் நாலு யூனிட் செலவழித்தால் சுமார் மூன்று யூனிட் திரும்பி வரும். நஷ்டம்தான், ஆனாலும் கட்டுப்படியாகிற நஷ்டம்.

கூடங்குளத்தில் ஓடுகிற உலைகளை மூடச் சொல்வது புத்திசாலித்தனம் ஆகாது. பணம் போட்டாயிற்று, இரவும் பகலும் மின்சாரம் வருகிறது. இனிமேல் போடுகிற பணம்தான் கேள்வி. அது காடம்பாறை மாதிரி அணைகளுக்கும், பாட்டரிகளுக்கும், வெயிலுக்கும், காற்றுக்கும் போவதே மேல். 8 மாதத்தில் முடிகிற வேலைக்கு வட்டி குட்டி போடாது.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. வயதான அணு உலையை ஒருநாள் பிரித்து மூடியாக வேண்டும். அந்தச் செலவுக்காக நம் நாட்டில் யூனிட்டுக்கு எடுத்துவைக்கும் தொகை எவ்வளவு தெரியுமா? 2 காசு! அது போதாமல் போனால், மிச்சத்தைக் கட்டப்போவது அன்றைக்கு மீட்டர் வைத்திருக்கும் நம் பேரப்பிள்ளைகள்.