கோழிக்கூண்டுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய பினாங்குத் தீவு மாநகர் மன்ற மேயர் அவர்களுக்கு,

வெள்ளம், குப்பை, போக்குவரத்து நெரிசல் என்று உங்கள் மேசையில் கோப்புகள் குவிந்திருக்கும். இருந்தாலும் நான் கோழிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. தீபாவளிக்கு முறுக்கும் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழமும் வேலிக்கு மேலே கைமாற்றிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் இன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டு அக்கா கம்பத்துக் கோழி வளர்க்கிறார். வீட்டுக்கு முட்டை வேண்டும், முனியாண்டி பூசைக்கு நேர்ந்துவிட்ட சேவல் வேண்டும். ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தால் கூண்டுக்குள் கோழிகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்தன. தின்னப்பட்டது ஒன்றுதான். மூசாங் என்கிற மரநாயின் வேலை என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சில வாரம் கழித்து ஒரு மழை இரவில் மலைப்பாம்பு வந்தது. காலையில் நான் போய்ப் பார்த்தபோது அது இன்னும் கூண்டுக்குள்ளேயே கிடந்தது. மெல்லிய கோழிவலையின் கீழ்மூலையில், துருப்பிடித்து இற்றுப்போன இடத்தில், உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஓர் ஓட்டை. வெறும் வயிற்றோடு அதன் வழியாக நுழைந்த பாம்பு ஒரு பெட்டையை விழுங்கி, நடுவுடல் புடைத்து, வந்த வழியே திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது. மேலே குறுக்குக் கட்டையில் மிச்சக் கோழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் நின்றன. பொது தற்காப்புப் படையினர் வந்து, தலையை அமுக்கிப் பிடித்து, சாக்கில் போட்டுக் கொண்டு போனார்கள்.

அன்று மாலையே வாய்ச்சண்டை. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் தெருப்பூனைகளுக்குப் பின்வாசலில் சோறும் மீனும் வைப்பவர். அவர் வைக்கும் சோற்றுக்குத்தான் மூசாங் இறங்கி வருகிறது என்று அக்கா மலாயில் கத்தினார். உன் கோழித் தீவனத்துக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது, என் பேரப்பிள்ளை விளையாடும் இடம் இது என்று அவரும் மலாயிலேயே கத்தினார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. பிறகு ஒரு நாள் பெரியவர் சோறு போட்ட பூனை ஒன்று லொங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. விஷம் வைத்தது யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அவர் மனதுக்குள் ஒரு பெயரை முடிவு செய்துவிட்டார்.

மேயர் அவர்களே, பாம்பு பிடிக்க வருபவர்கள் மேல் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருகிறார்கள். ஆனால் பிடித்துக்கொண்டு போவதோடு கதை முடிந்துவிடுவதாக நாம் எல்லாரும் நம்புகிறோமே, அதுதான் தவறு. 2016 ஏப்ரலில் பாயா தெருபோங்கில் மேம்பாலம் கட்டும் இடத்தில், விழுந்து கிடந்த மரத்தடியில் பிடிபட்ட மலைப்பாம்பு உங்களுக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய 8 மீட்டர் நீளம், 250 கிலோ எடை என்று மதிப்பிட்டார்கள். உலகத்திலேயே மிக நீளமான பாம்போ என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. மூன்று நாளில், ஒரு முட்டை இட்ட பிறகு, அது செத்துப்போனது. முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கோழியைப் போலவே அடைகாக்கும் பிராணி அது. அந்த நீளத்துக்கு வளர எத்தனையோ ஆண்டுகள் பிடித்திருக்கும். அத்தனை ஆண்டும் அது நம் வீடுகளுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். நாம் பார்த்தது கட்டுமானம் அதன் மேல் வந்து நின்றபோதுதான்.

ஒரு பாம்பை அகற்றினால் அந்த இடம் வெகுநாள் காலியாக இருக்காது. எலி இருக்கும்வரை இன்னொன்று வரும். சுமத்திராவில் தோலுக்காகக் கொல்லப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளின் வயிற்றை 1990களில் ரிச்சர்ட் ஷைன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரின் குழு பார்த்தது. சிறிய பாம்புகளின் வயிற்றில் பெரும்பாலும் எலிதான். மூன்று, நான்கு மீட்டரைத் தாண்டிய பிறகே அவை முள்ளம்பன்றி, குரங்கு, காட்டுப்பன்றி என்று பெரிய இரைக்குப் போகின்றன. சிங்கப்பூரில் நகரத்துப் பாம்புகளை ஆராய்ந்தவர்களும் எலியைத்தான் முதலில் கண்டார்கள். ஆகவே எங்கள் லொங்காங்கில் ஓடும் பாம்பு வருடம் முழுக்க எலி பிடிக்கிறது. கூண்டு இற்றுப்போன வீட்டில் மட்டும் கோழி பிடிக்கிறது. அதைக் கொண்டுபோய்ப் பழகாத காட்டில் விட்டால் வழி தெரியாமல் அலைந்து சாகும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாடுகளில் பாம்புகளைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இங்கே எலி பெருகும். அக்காவுக்கும் லாபமில்லை, பெரியவருக்கும் இல்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், அதாவது சட்டம் 716இல், மலைப்பாம்பும் நீர் உடும்பும் பாதுகாக்கப்பட்ட பிராணிகள். உரிமம் இல்லாமல் பிடித்தாலோ கொன்றாலோ அபராதமும் சிறையும் உண்டு. விஷம் வைப்பதற்கும் கண்ணி கட்டுவதற்கும் தடை. 2022இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளையும் கூட்டினார்கள். ஆனால் தண்டனை என்ன என்று தெரிந்தவருக்கும், பாம்பு வராமல் இருக்க என்ன செய்வது என்று தெரிவதில்லை. பாராங் கத்தியைத் தூக்குகிறார், அல்லது கடையில் எலிமருந்து வாங்கிக் கோழிக்குடலில் பிசைந்து வைக்கிறார். அதை மூசாங்தான் தின்னும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? பூனை தின்னும், நாய் தின்னும், நாளை ஒரு குழந்தை கையில் எடுக்கும்.

இத்தனைக்கும் கோழியைக் காப்பாற்றும் வேலை அவ்வளவு கடினமில்லை. கடையில் விற்கும் அறுகோணக் கண் கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். எதையும் வெளியே நிறுத்தாது. மூசாங் அதைப் பல்லால் பிய்க்கும், குட்டிப்பாம்பு அதன் கண் வழியாகவே நுழையும். வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண் கொண்ட, பற்றவைத்த கம்பிவலை. நான்கு பக்கமும் கூரையும் தரையும் அதுவே இருக்க வேண்டும். தரையில் வைத்த கூண்டானால் அடிவலையை வெளிப்பக்கமாக ஓரடிக்கு விரித்து மண் போட்டு மூட வேண்டும், தோண்டி வருவது அங்கே தடுக்கப்படும். கதவுக்கு இரண்டு கொக்கி, ஏனென்றால் ஒற்றைக் கொக்கியைக் குரங்கு ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். இரவில் தீவனத்தை மூடியுள்ள தகரடின்னில் போட்டுவிட்டால் எலிக்கு அங்கே வேலையில்லை. மஃரிப் பாங்கு கேட்கிற நேரத்தில் கோழிகள் தாமாகவே கூண்டேறும். அப்போதே கதவைச் சாத்திவிட்டால் பாம்புக்கும் மூசாங்குக்கும் பயப்பட வேண்டாம், இரண்டும் இரவில் நடமாடுபவை. உடும்பு மட்டும் பகலில் வரும். அதனால் குஞ்சுகளையும் அடைக்கோழியையும் பகலிலும் வலைக்குள்தான் வைக்க வேண்டும். இவ்வளவுதான். பத்துப் பேர் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தால் புரிந்துவிடும். எங்கள் வரிசையில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

கோழியே வேண்டாம் என்று உத்தரவு போட்டால் தொல்லை தீர்ந்தது என்று யாராவது உங்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடும். அண்டை நாட்டில் அப்படி ஒன்று நடந்தது. சிங்கப்பூரின் சின் மிங் அவென்யூவில் அடுக்குமாடிகளுக்கு இடையே திரிந்த 24 கோழிகளை 2017இன் தொடக்கத்தில் அதிகாரிகள் பிடித்துக் கொன்றார்கள். சேவல் கூவுகிறது என்று 20 புகார்கள் வந்ததாக விளக்கம் சொன்னார்கள். பறவைக் காய்ச்சல் அச்சமும் பேசப்பட்டது. மக்கள் கொதித்தார்கள், விஷயம் நாடாளுமன்றம்வரை போனது. புகார் கொடுத்தவர்களுக்குத் தூக்கம் முக்கியம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் புகார் எழுதியவரும் கோழிக்குத் தீனி போட்டவரும் ஒரே மேசையில் ஒரு முறையாவது உட்கார்ந்திருந்தால் அந்த 24 உயிர்களுக்கும் வேறு முடிவு கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இங்கே கோழி வளர்ப்பவர்கள் பொழுதுபோக்குக்காக வளர்ப்பவர்கள் அல்ல. 2022இல் கோழி விலை ஏறி, அரசாங்கம் ஜூன் முதல் தேதியிலிருந்து மாதம் 36 லட்சம் கோழிகளின் ஏற்றுமதியையே நிறுத்திய காலத்தில், அதே வருடக் கடைசியில் கடைகளில் முட்டைத் தட்டு காலியாக இருந்த காலத்தில், எங்கள் பகுதியில் பல பின்கட்டுகளில் கூண்டு முளைத்தது. 2023 நவம்பரில் கோழிக்கும் 2025 ஆகஸ்ட்டில் முட்டைக்கும் உதவித்தொகை நின்ற பிறகு அந்தக் கூண்டுகளைப் பிரிக்க யாருக்கும் மனமில்லை. கோழி நம் மண்ணுக்கு அந்நியமும் இல்லை. நெல் விளைந்த இடத்தைத் தேடிக் காட்டிலிருந்து இறங்கி வந்த காட்டுக்கோழியை, ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன் மனிதன் வீட்டுப் பறவையாக்கியதற்கான மிகப் பழைய தடயம் பக்கத்துத் தாய்லாந்தில்தான் கிடைத்திருக்கிறது. 2022இல் வெளிவந்த ஆய்வு அது.

காட்டை ஒட்டி வாழ்வது பற்றிப் பினாங்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் பினாங்கு மலையை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதன் ஓரம் எங்கள் சமையலறைச் சுவரிலிருந்து அதிக தூரமில்லை. தெலுக் பஹாங்கில் சாலையைக் கடக்கும்போது கண்ணாடிக் குரங்குகள் வண்டியில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. யாப் ஜோ லீன் தொடங்கிய லங்கூர் புரோஜெக்ட் பினாங் அமைப்பு 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிச் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டியது. குரங்குகள் அதன் மேல் ஏறிப் போகின்றன, கீழே கார்கள் போகின்றன. குரங்கை அங்கிருந்து அப்புறப்படுத்தவும் இல்லை, சாலையை மூடவும் இல்லை. எங்கள் கோழிக்கூண்டுக்கும் அந்த மாதிரி ஒரு யோசனையைத்தான் கேட்கிறேன்.

மலாயாவிலேயே முதல் நகராட்சித் தேர்தல் 1951இல் நடந்தது இந்த ஜார்ஜ்டவுனில்தான். 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது முதல் மேயராக வந்தவர் டி. எஸ். ராமநாதன். 1960களில் உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனது. இன்று மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தவரிடம் தெருச்சண்டையைச் சொல்லித் தீர்வு கேட்கும் வழி எங்களுக்கு இல்லை. அதனால்தான் நேராக உங்களிடம் கேட்கிறேன்.

வீட்டுக்கோழிக்கு எத்தனைவரை அனுமதி, எங்கே வைக்கலாம், கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரே தாளில், படத்தோடு, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் அச்சிட்டு வீட்டுவரிக் கடிதத்தோடு அனுப்புங்கள். கூண்டு சரியாக இருந்தால் வளர்க்கலாம், இல்லையென்றால் சரிசெய்யக் கால அவகாசம் என்று வையுங்கள். பாம்பையோ மூசாங்கையோ பிடித்த வீட்டுக்கு மறுநாள் ஓர் ஆளை அனுப்பி, அது நுழைந்த ஓட்டையைக் காட்டி அடைக்கச் சொல்லுங்கள். அந்த ஓட்டை அடைபடும்வரை வேலை முடியவில்லை என்று கணக்கு வையுங்கள். பெரியவர் போலப் பூனைக்குச் சோறு வைப்பவர்களும் நல்ல மனதோடுதான் வைக்கிறார்கள். பகலில் வைத்து, இருட்டுமுன் தட்டை எடுத்துவிடும்படி அதே தாளில் எழுதுங்கள். லொங்காங்கில் உணவுக்கழிவு தேங்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. அங்கே எலி குறைந்தால் எங்கள் பின்கட்டில் பாம்பும் குறையும்.

சண்டையைப் பேசித் தீர்க்க ஓர் இடம் வேண்டும். 1975இலிருந்து நம்மிடம் ருக்குன் தெத்தாங்கா இருக்கிறது. இரவுக் காவலுக்கும் கூட்டுத்துப்புரவுக்கும் கூடும் அந்த அண்டைவீட்டார் குழுவிலேயே இப்படிப்பட்ட வழக்குகளையும் பேசலாம். வனவிலங்குத் துறையிலிருந்து ஒருவரும் மாநகர் மன்றத்திலிருந்து ஒருவரும் வந்து உட்கார்ந்தால், ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லும் பேச்சு கூண்டைப் பற்றிய பேச்சாக மாறும். அக்காவிடம் கேட்டேன், வருகிறேன் என்றார். பெரியவரிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, மாநகர் மன்றத்திலிருந்து யாராவது வந்தால் தானும் வருவதாகச் சொன்னார். கம்பிவலைச் செலவைப் பகிர்ந்துகொள்ள எங்கள் வரிசையில் பலர் தயாராக இருக்கிறார்கள்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை வலுக்கும்போது லொங்காங்குகள் நிரம்பும், அதில் இருப்பதெல்லாம் மேடு தேடி வீட்டுப் பக்கம் ஏறும். அதற்கு முன்பே அந்தத் தாளும் அந்தக் கூட்டமும் ஆயர் ஈத்தாமுக்கு வந்துசேர ஏற்பாடு செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம் மலையடிவாரவாசி ஒருவர்